அண்ணன் சொல்கிறார், நான் கடன் வாங்குகிறேன்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. நான்கு மாதத்துக்கு முன் பெருங்குடல் புற்றுநோய், நான்காம் நிலை என்று கண்டுபிடித்தார்கள். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் தொடங்கி, கல்லீரலில் மூன்று இடத்தில் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீமோ போகிறது. கணவரின் அண்ணன் வெளிநாட்டில் 'செல் தெரபி' (ஆய்வகத்தில் வளர்த்த செல்களை உடலில் ஏற்றுவது) செய்தே ஆக வேண்டும் என்கிறார். மொத்தக் கட்டணம், நோய் வருவதற்கு முன் நாங்கள் இருவரும் சம்பாதித்ததில் 14 மாத வருமானம். முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு இன்னொரு டாப்-அப் கடன் (இருக்கும் கடனின் மேல் கூடுதலாக வாங்குவது) எடுக்கலாமா? வைப்பு நிதி மகளின் படிப்புக்காகப் போட்டது, அதைத் தொட மனம் வரவில்லை. இதுவரை வாங்கிய மூன்று கடன்கள் பற்றிக் கணவருக்குத் தெரியாது. அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்று சொல்லவில்லை.

பதில்: அவசர நிதி, காப்பீடு என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. வரவு செலவைக் காசு சுத்தமாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அண்ணன் ஏதோ ஒன்று சொல்கிறார், அன்று மாலையே உங்கள் கைபேசியில் ஒரு டாப்-அப் கடன் ஏறிவிடுகிறது. சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் கேட்பது அதற்கு அப்புறம், அல்லது கேட்பதே இல்லை. நான்கு மாதத்தில் மூன்று முறை இப்படி நடந்திருக்கிறது. நான்காவதற்கு என் பதில், வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். தொகைகளை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் முன்பு இருவருமாக மாதம் 100 சம்பாதித்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் அவருடையது 60, உங்களுடையது 40. இப்போது அவர் பாதிச் சம்பள விடுப்பில் இருப்பதால் வரவு 70. வீட்டுச் செலவு 45, வீட்டுக் கடன் தவணை 20. மிச்சம் வெறும் 5. சிகிச்சைக்குக் காப்பீடு தருவது போகக் கையிலிருந்து மாதம் 25 ஆகிறது. அதன் மேல் மூன்று டாப்-அப் கடன்களின் தவணை 6, 5, 7, ஆக 18. மாதம் 38 துண்டு விழுகிறது.

செல் தெரபிக்கு மொத்தம் 1400. கட்டிய முன்பணம் 300 போக இன்னும் கட்ட வேண்டியது 1100. இதை நீங்கள் சொன்ன 14 சதவீத வட்டியில், ஐந்து வருடத் தவணையில் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 26 கூடும். துண்டு 64 ஆகிவிடும். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 430 சொச்சம். உங்கள் வைப்பு நிதி 500, மாதம் 64 வீதம் எடுத்தால் எட்டு மாதம்கூடத் தாங்காது.

அந்த வைப்பு நிதி விஷயத்தில் கொஞ்சம் கோபமே வந்தது எனக்கு. அதில் 7 சதவீதம் வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே 14 சதவீதம் கட்டுகிறீர்கள். மகளின் படிப்புப் பணத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறீர்கள். ஆனால் அவள் கல்லூரியில் இருக்கும் காலம் முழுக்கக் கட்ட வேண்டிய கடனை இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பணம் இப்போது தேவைப்படுகிற வீடு இது. தொடுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்தச் செலவு எதற்காக என்று தெரியாமல் பணத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல முடியாது. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி, பரவியிருப்பது கல்லீரலில் மூன்று இடத்தில் என்பதுதான். நான்காம் நிலை என்றதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குடல் புற்றுநோயில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பரவல் கல்லீரலோடு நின்றிருந்து, கீமோவில் கட்டிகள் சுருங்கினால், சிலருக்கு அறுவை சிகிச்சை செய்து அவற்றை முழுதாக எடுத்துவிட முடிகிறது. அப்படி எடுக்க முடிந்தவர்களில் கணிசமானோர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் வருவாரா என்பது எனக்குத் தெரியாது. கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதுவரை யாரும் அவரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. மூன்று கடன் வாங்கியாயிற்று, இந்த ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. இரண்டாவது கருத்து வேண்டுமானால் இங்கே கேளுங்கள். ஸ்கேன் பதிவுகளையும் திசுப் பரிசோதனை முடிவுகளையும் அனுப்பிக் கேட்பதற்கு ஆகும் செலவு, உங்கள் மாதத் தவணைகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் அன்று கையில் பணம் வேண்டும். செல் தெரபியில் அதைக் கரைத்துவிட்டு நின்றால் என்ன செய்வீர்கள்?

அடுத்து, கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவுகளை வாங்கிப் பாருங்கள். எம்எஸ்ஐ, ராஸ், பிராஃப் என்று மூன்று பெயர்கள் அதில் இருக்கும். எம்எஸ்ஐ என்பது கட்டியின் செல்கள் டிஎன்ஏ நகல் பிழைகளைத் திருத்த முடியாமல் இருக்கிறதா என்பதைக் காட்டுவது. மற்ற இரண்டும் மரபணுக்கள். பரவிய குடல் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத்தான் எம்எஸ்ஐ அதிகம் என்று வரும். அவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. 2020 முதல் அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் சிகிச்சையாகவே அதற்கு ஒப்புதல் உண்டு. மற்றவர்களுக்கு அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பலன் இல்லை. ஆனால் 'இம்யூனோ' என்ற சொல்லை அட்டையில் போட்டு எல்லோருக்கும் விற்கிறார்கள். அதே மாதிரி செடுக்சிமாப், பானிடுமுமாப் என்ற மருந்துகள் இரண்டும் ராஸ் மாற்றம் உள்ள கட்டியில் பொதுவாக வேலை செய்யாது. பரவிய குடல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மாற்றம் இருக்கிறது. ஒரே பரிசோதனை, எந்த விலை உயர்ந்த மருந்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

அந்த வெளிநாட்டு செல் தெரபி, குடல் புற்றுநோய்க்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்ட ஒன்று இல்லை. ஆய்வுகள் நடக்கின்றன, உண்மைதான். முறையான மருத்துவ ஆய்வில் சேர்ந்தால் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். 14 மாத வருமானம் கேட்கிறார்கள் என்றால் அது ஆய்வும் இல்லை, நிரூபணமான சிகிச்சையும் இல்லை. முன்பணம் 300 கட்டியிருக்கிறீர்கள். இந்த வாரமே எழுத்தில் திரும்பக் கேளுங்கள். ரசீதையும் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்து ரத்து விதியைப் படியுங்கள். போனில் பேசி முடித்துவிடாதீர்கள்.

இரண்டாவது கடனில் வாங்கிய 'எதிர்ப்புச் சக்தி ஊசி' பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. அது என்ன என்று கீமோ கொடுக்கும் டாக்டரிடம் அப்படியே காட்டிவிடுங்கள். சில பொருள்கள் கீமோவோடு ஒத்துப்போகாது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் கீமோவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 'இது பழைய மருந்து' என்று அண்ணன் சொன்னாராம். அந்தக் கீமோவில் உள்ள 5-எஃப்யூ 1957-ல் வந்தது, பழையதுதான். அதுவும் கூடப் போகும் ஆக்ஸாலிபிளாட்டினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. கூடவே கொடுக்கும் பெவாசிசுமாபுக்கும் (கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் மருந்து) விலை குறைந்த ஒப்புமருந்துகள் உண்டு, கேளுங்கள்.

டாக்டரிடம் பேச வேண்டிய இன்னொன்று, கணவரின் விரல்கள். சின்னக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக்ஸாலிபிளாட்டின் போகப் போக விரல் நுனிகள் மரத்துப்போகலாம். சிலருக்கு அது நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும். அவர் கைதான் வீட்டின் 60 பங்கு வருமானம். மரப்பு தொடங்கினால் உடனே சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, சில மாதம் கழித்து அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வதா என்பது டாக்டர்கள் வழக்கமாக எடுக்கும் முடிவுதான். ஆனால் வேலை என்ன என்று தெரிந்தால்தான் அவர்கள் அதை யோசிப்பார்கள். பம்ப் மாட்டி 5-எஃப்யூவை 46 மணி நேரம் ஏற்றுவதற்குப் பதில் கேப்சைட்டபின் மாத்திரையோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்ற திட்டமும் உண்டு. அலைச்சலும் விடுப்பும் குறையலாம். அது அவருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய ஆள் உங்கள் கணவர். கடிதம் முழுவதும் அண்ணன் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கடனைச் சொல்லிவிடுங்கள், இன்றே. வலியையும் சோர்வையும் கவனிக்கும் பிரிவு ஒன்று இருந்தால் இப்போதே அதிலும் சேரச் சொல்லுங்கள், கடைசியில் போகிற இடம் என்று தள்ளிப்போட வேண்டாம். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. தொடக்கத்திலேயே அந்தக் கவனிப்பு கிடைத்தவர்கள் நிம்மதியாக மட்டும் அல்ல, சற்று அதிக காலமும் வாழ்ந்தார்கள்.

பணத்துக்கு நான் சொல்லும் வழி இது. வைப்பு நிதியில் ஏறக்குறைய 200 எடுத்து இரண்டாவது கடனை அடையுங்கள். முன்பணம் திரும்பினால் மூன்றாவதையும் அடையுங்கள். அப்போது டாப்-அப் தவணை 6 மட்டும். மாதத் துண்டு 38-லிருந்து 26 ஆகும். மிச்சமுள்ள 300 ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். முன்பணம் திரும்பாவிட்டால் ஒன்பது மாதம். அந்த 300-ஐக் கடன் அடைக்க எடுக்காதீர்கள். நோய் இருக்கும் வீட்டில் கையில் ரொக்கம் இல்லாமல் இருப்பது வட்டியைவிட ஆபத்து. வீட்டுக் கடன் கொடுத்தவர்களிடம் தவணையைச் சில மாதம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கடனோடு ஏதாவது காப்பீடு சேர்த்து விற்றிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். தீவிர நோய்க்கான பிரிவு அதில் இருந்தால், அறிவிக்க வேண்டிய கெடு தாண்டும் முன் கோருங்கள்.

அவர் வேலையை ராஜினாமா செய்யக் கூடாது. நிறுவனம் தரும் குழு ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு போய்விடும். சொந்த ஆயுள் காப்பீட்டின் பிரீமியத்தை எந்தத் தவணைக்காகவும் நிறுத்தாதீர்கள். இந்த நிலையில் புதிதாக ஒன்று கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். நாமினி யார் என்று இருவரும் சேர்ந்து ஒரு முறை சரிபாருங்கள்.

கடைசியாக அண்ணன். அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மூன்று கடனில் ஒன்றில்கூட அவர் கையெழுத்து இல்லை. அடுத்த முறை ஏதாவது சொன்னால், 'நீங்கள் பணம் போடுங்கள், டாக்டரிடம் நான் கேட்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். உதவ விரும்பினால் மகளின் ஒரு வருடக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளட்டும். அதற்கு முன் அவருக்கே ஒரு வேலை இருக்கிறது. கூடப் பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் என்றால் 40 வயதிலிருந்தே கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அவர் அதைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. செய்துகொண்டாரா என்று கேளுங்கள். அந்தச் செலவு அவருடையது.