ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பைப் பயங்கரவாதச் செயலாக உச்ச நீதிமன்றம் ஏன் ஏற்கவில்லை?

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் ராஜீவ் காந்தியுடன், காவலர்களும் கட்சித் தொண்டர்களும் உட்பட மேலும் 14 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய கட்ட வாக்குப்பதிவு ஜூன் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது.

விசாரணை பயங்கரவாதத்தைத் தடுக்க இயற்றப்பட்ட தடா சட்டத்தின்கீழ் நடந்தது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசை அச்சுறுத்துவதோ மக்களிடையே பீதியைப் பரப்புவதோ சதிகாரர்களின் நோக்கமாக இருந்ததற்குச் சான்றில்லை, ராஜீவைக் கொல்வதே அவர்களது குறிக்கோள் என்று கூறி, தடா பிரிவுகளின்கீழான பயங்கரவாதக் குற்றச்சாட்டை நீக்கியது. கொலைச் சதிக்காக நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, மற்ற 19 பேரையும் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

என்னை உறுத்துவது இதன் தொடர்ச்சிதான். தடா குற்றச்சாட்டே நிலைக்காத நிலையிலும், அச்சட்டம் இடமளித்ததால் மட்டுமே காவல்துறை அதிகாரி பதிவுசெய்ய முடிந்த வாக்குமூலங்கள் கொலை வழக்கிற்குச் சான்றாகச் செல்லும் என நீதிமன்றம் ஏற்றது. சாதாரணக் கொலை வழக்கில் அவை செல்லவே செல்லா. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியோ, குண்டுக்காகத் தாம் வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். கருணை மனுவின் தாமதத்தால் 2014இல் தண்டனை குறைக்கப்பட்ட பேரறிவாளன் 2022 மே மாதமும், சிறையிலிருந்த மற்ற அறுவர் அவ்வாண்டு நவம்பரிலும் விடுதலையாயினர்.