ஆபீஸ் 2016-ஐ விட்டுட்டு கிளவுடுக்கு மாறலாமா?

கேள்வி: நாங்க 12 பேர், இன்னும் ஆபீஸ் 2016 தான் ஓடுது. மாசாமாசம் காசு கட்டி, ஃபைல நெட்லயே வச்சுக்கற கிளவுடுக்கு (மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் மாதிரி) போறது நல்லதா, ஒரே தடவையா வாங்கிடறது நல்லதா?

பதில்: 2016-லயே இருந்துக்கலாம்ங்கிற எண்ணத்த மொதல்ல விட்டுடுங்க, 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னுடுச்சு.

இப்ப உங்க ஷேர்டு ஃபோல்டரத் தொறந்து பாருங்க. ஸ்டாக் ஃபைனல், ஸ்டாக் ஃபைனல் புதுசு, ஸ்டாக் ஃபைனல் 2-ன்னு ஒரே ஷீட் மூணு பேர்ல கெடக்குதா? அப்ப கிளவுடுக்குப் போங்க, எல்லாரும் ஒரே ஃபைல்ல ஒரே நேரத்துல வேலை பாக்கலாம், தப்பா மாத்திட்டா பழைய வெர்ஷன எடுத்துக்கலாம், மெயில்ல அனுப்பி அனுப்பி எது கடைசின்னு தேடற தொல்லை இல்ல. அவங்கவங்க ஃபைல அவங்கவங்களே பாக்கறீங்கன்னா ஆபீஸ் 2024 ஒரே தடவை வாங்கினா போதும், 2029 அக்டோபர் வரைக்கும் அப்டேட் வரும்.

எக்செல்ல மேக்ரோ, அதாவது ஒரே வேலைய தானா செய்யற சின்ன புரோகிராம், போட்டு வச்சிருந்தா ரொம்ப கவனம். பிரவுசர்ல தொறக்கற எக்செல்ல அது ஓடாது, கூகுள் ஷீட்ஸ்ல வேற புரோகிராம் மொழியில திரும்ப எழுதணும். அதனால கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற எக்செல்லும் சேர்ந்த பிளானா பாத்து எடுங்க, நெட் போனாலும் கை கொடுக்கும்.

நான் ரொம்ப பயப்படறது வேற விஷயத்துக்கு. கிளவுட்ல இருந்தாலே பேக்கப் ஆயிடுச்சுன்னு நெனச்சிடறாங்க, அது பேக்கப் இல்லீங்க, சிங்க், அதாவது ஒரு எடத்துல மாத்தினது எல்லா எடத்துலயும் மாறிடறது! ஒருத்தர் தெரியாம டெலீட் பண்ணா எல்லார் கம்ப்யூட்டர்லயும் சேர்ந்தே போயிடும். கூகுள் டிரைவ் ட்ராஷ்ல 30 நாள்தான் இருக்கும், வருஷக் கணக்கு முடிக்கறப்ப தேடினா கெடைக்காது. தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல வாராவாரம் காப்பி எடுத்து, எடுத்ததும் கழட்டி வச்சிடுங்க.

எல்லார் அக்கவுண்டையும் கட்டுப்படுத்தற அட்மின் அக்கவுண்ட் உங்க கைலதான் இருக்கணும். நான் பாத்த ஒரு ஆபீஸ்ல செட்டப் பண்ணிக் கொடுத்தவரே தன்னோட மெயில்ல அட்மின் வச்சுக்கிட்டு, அப்பறம் ஃபோனே எடுக்கல, ஓனரால ஒரு பாஸ்வேர்டு கூட மாத்த முடியல. வேலைய விட்டுப் போறவங்க அக்கவுண்ட டெலீட் பண்றதுக்கு முன்னாடி அவங்க ஃபைல வேற ஒருத்தருக்கு மாத்திடுங்க, கூகுள்ல டெலீட் பண்ண யூசர 20 நாளுக்குள்ள மட்டும்தான் மீட்க முடியும்.

ஒரேயடியா 12 பேருக்கும் வாங்க வேணாம். அந்த ஸ்டாக் ஷீட்ட தினமும் தொடற ரெண்டு மூணு பேர மட்டும் ஒரு மாசம் மாத்திப் பாருங்க, வருஷ பிளான்ல கையெழுத்துப் போட்டா நடுவுல ஆள் கொறஞ்சாலும் காசு கொறையாது.