அக்காவின் பயணத்துக்கு மகளின் காப்பை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. கணவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். ஓகஸ்டில் கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளோடு வந்து மூன்று கிழமை எங்கள் வீட்டில் நிற்கப் போகிறார்கள். எல்லோருமாக வான் பிடித்து மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகவே கொழும்பு வரை ஐந்து நாள் போய் வரத் திட்டம். பொத்துவில், கதிர்காமம், காலி எல்லாம் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்குத் திரும்பி இரண்டு மூன்று நாளில் அவர்களைக் கட்டுநாயக்கவில் விட இன்னொரு முறை வான் பிடிக்க வேண்டும். வான்காரர் எரிபொருளோடு கிலோமீற்றருக்கு 140 ரூபாய் கேட்கிறார். ஒரு நாளுக்குக் குறைந்தது 150 கிலோமீற்றர் கணக்கு வருமாம். எல்லாச் செலவும் தன்னுடையது என்கிறா அக்கா. என் கணவருக்கு அது பிடிக்கவில்லை, கடன்பட்டாவது பாதியை நாங்கள் போட வேண்டும் என்கிறார். ஒக்டோபரில் முதிரும் 3 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது. 2 இலட்சம் ரூபாய்க் கழிவுச் சீட்டில் கடைசி ஆளாக நிற்கிறேன், நவம்பரில் முழுதாக வரும். மகளின் இரண்டு பவுண் காப்பும் இருக்கிறது. எதில் கை வைக்கலாம்?

பதில்: எதில் கை வைப்பது என்பதைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இரண்டு வான்கள். கொழும்பு வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி, மூன்று நாள் கழித்துத் திரும்பவும் அதே திசையில் 300 கிலோமீற்றர் ஓடப் போகிறீர்கள். ஏன்? கரையோரப் பயணத்தைக் கடைசி ஐந்து நாளுக்குத் தள்ளிவையுங்கள். முடிகிற இடம் கட்டுநாயக்கவாக இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போய்வர 620 கிலோமீற்றர் அளவில் வரும். உங்கள் வான்காரரின் விலையில் 86,800 ரூபாய். சுற்றுலா போனாலும் போகாவிட்டாலும் இந்தக் காசு செலவாகத்தான் போகிறது. கரை வழியே கொழும்புக்கு 520, அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கம் 35, இடையில் அங்கும் இங்கும் திரும்ப 50, வான் நேர் வழியால் ஊர் திரும்ப 300. கூட்டினால் 905 கிலோமீற்றர், 126,700 ரூபாய். ஆகவே சுற்றுலாவுக்கென்று வானுக்குக் கூடுதலாகப் போவது 40,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. உங்கள் திட்டப்படி இரண்டு முறை வான் பிடித்தால் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிடும்.

வந்து இறங்கும்போதே கட்டுநாயக்கவிலிருந்து கரை வழியாகக் கூட்டி வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு ஒன்றுதான். ஆனால் அவர்கள் நாலு பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி, மொத்தம் எட்டுப் பெட்டி. அதோடு எட்டுப் பேரையும் ஏற்றினால் பிள்ளைகள் சொக்லேட் பெட்டி மேல்தான் உட்கார வேண்டும். போகும்போது அந்தப் பெட்டிகளில் பாதி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிவிடும், மிளகாய்த்தூளும் கருவாடும் எவ்வளவு கட்டினாலும். நித்திரை மாறி வந்தவர்களை முதல் நாளே வானில் போட்டு உலுப்பவும் வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 150 கிலோமீற்றர் என்கிறார் வான்காரர். ஐந்து நாள் பயணமும் அவர் திரும்பி வரும் நாளும் சேர்ந்து ஆறு நாள், 900 கிலோமீற்றர். உங்கள் ஓட்டமும் ஏறத்தாழ அதுதான், பொருந்திவிடுகிறது. “இன்னும் இரண்டு நாள் நிற்போமே” என்று அத்தான் ஆசைப்பட்டால் 1,200 கிலோமீற்றருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஓடாத 295 கிலோமீற்றருக்கு 41,300 ரூபாய்! அதைவிட நாளைக் கூட்டாமல், எங்கே தூங்குவது என்பதை மாற்றுவது நல்லது.

முதல் இரவு பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால் அதை வெட்டுங்கள். ஓகஸ்ட் அங்கே அலைச் சறுக்குக்காரர்களின் உச்சக் காலம், அறை விலையும் உச்சத்தில் நிற்கும். கல்லடியிலிருந்து 110 கிலோமீற்றருக்குள் இருக்கிற இடத்தில் நீங்கள் எதற்குக் காசு கொடுத்துத் தூங்க வேண்டும்? விடியற்காலை புறப்பட்டால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டி, காலைச் சாப்பாட்டுக்கு அறுகம்பைக் கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

கரையோரமாகவே என்று எழுதியிருக்கிறீர்கள். பொத்துவிலுக்குத் தெற்கே அது முடியாது. உகந்தைக்கு அப்பால் குமணையும் யாலவும் காடு. அந்தக் கரை வழி ஆடி மாதம் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்குத்தான் திறக்கும், வானுக்கு அல்ல. நீங்கள் லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று உள்ளால் சுற்றி மாலைக்குள் கதிர்காமம் சேர வேண்டும். இந்தச் சுற்று உங்களுக்கு இலாபம். கனடாப் பிள்ளைகள் யானை பார்க்க யாலவுக்கு ஜீப் கேட்பார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுச்சீட்டு நம்முடையதைவிடப் பல மடங்கு. அக்காவின் பழைய அடையாள அட்டையைக் காட்டி உள்ளூர் விலையில் நுழையும் யோசனை வேண்டாம். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் அது வேறு கதை. லாகுகல குளத்தில் வரட்சி மாதங்களில் யானைகள் கூட்டமாக வந்து நிற்பதை வீதியோரத்திலேயே பார்க்கலாம், காசில்லை. புத்தல–கதிர்காமம் வீதியிலோ யானையே வாகனத்தை மறித்து ‘வரி’ கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்றும் கொடுக்காமல் மெதுவாகத் தாண்டுங்கள். அந்த வீதியைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுவது முக்கியம்.

கதிர்காமத்தில் இந்த வருடக் கொடியேற்றமும் தீர்த்தமும் எப்போது என்று பார்த்து, அந்த நாட்களைத் தவிருங்கள். விழா முடிந்த கிழமையென்றால் அறை சுலபமாகக் கிடைக்கும். நீங்கள் அரச ஊழியர் என்பதை மறக்க வேண்டாம். பல திணைக்களங்களுக்குக் கதிர்காமத்திலும் தென்கரையிலும் சேர்கிட் பங்களாக்கள், அதாவது தங்கும் விடுதிகள், இருக்கின்றன, அரச ஊழியர்களுக்கு விலையும் குறைவு. இப்போதே விண்ணப்பம் போட வேண்டும், ஓகஸ்டில் கேட்டால் கிடைக்காது.

இரண்டாம், மூன்றாம் இரவுகள் மாத்தறைக்கும் காலிக்கும் இடையில். கிழக்கில் சீசன் உச்சத்தில் இருக்கும் ஓகஸ்டில் தென்மேற்குக் கரை ஆறிக் கிடக்கும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் அறைக்காரர்கள் விலை பேச ஆயத்தமாக இருப்பார்கள். அக்கா அங்கிருந்தே செயலியில் டொலரில் பதிவு செய்ய வேண்டாம். நீங்கள் இங்கிருந்து நேரே தொலைபேசியில் கூப்பிட்டு உள்ளூர் விலை கேளுங்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் படகுக்கும் அந்த மாதத்தில் காசு கட்டாதீர்கள், அங்கே அது நவம்பர் முதல் ஏப்ரல் வரையான சங்கதி. கடல் குளியலைப் புறப்படும் முன்பே பாசிக்குடாவில் முடித்துக்கொள்ளுங்கள். தெற்கில் அந்தக் கடலில் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

காலியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் நேரம் மிச்சம்தான். ஆனாலும் ஹிக்கடுவ தாண்டிப் பெரலிய வரை பழைய கரை வீதியிலேயே போங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ரயிலோடு கடல் கொண்டுபோனவர்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. கல்லடிக்காரருக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அம்பலாங்கொடைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறி, பின்னேரம் காலிமுகத்திடல், இரவு நீர்கொழும்பு.

சரி, இப்போது பாதிக்கு வருவோம். உங்கள் கணவரின் ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதி என்பது பில்லை நடுவில் கிழிப்பது அல்ல. மூன்று கிழமை உங்கள் வீட்டில் இறாலும் நண்டும் ஆக்கிப் போடப் போகிறீர்கள், மின்விசிறி நாலு அறையிலும் சுழலப் போகிறது. அதற்கு யார் பில் போட்டார்கள்? ஆகவே காசாகப் பிரிக்காமல், பொருளாகப் பிரியுங்கள். வானும் தென்கரை அறைகளும் அக்காவுடையது. வானில் 86,800 ரூபாய் எப்படியும் அவர்கள் கொடுக்க இருந்த காசுதான். வழிச் சாப்பாடும் கதிர்காமத்து இரவும் உங்களுடையது. முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்து போகிறது. மிச்ச நாளுக்குச் சாரதியோடு ஒன்பது பேருக்கு 65,000, கதிர்காமத்தில் தங்க 10,000, மொத்தம் 75,000 ரூபாய் என்று ஒரு எல்லை வைக்கலாம். இதை அக்கா விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அக்கா, சாப்பாடும் கதிர்காமமும் எங்கட.” ஒவ்வொரு கடை வாசலிலும் அத்தானும் உங்கள் கணவரும் பணப்பையை இழுத்துப் பிடித்துச் சண்டை போடுவதை அது நிறுத்திவிடும்.

75,000 எங்கிருந்து? சீட்டைத் தொடாதீர்கள். நவம்பரில் முழுதாக வரும் 2 இலட்சத்தை ஓகஸ்டில் 15,000 கழித்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்காக 185,000 ரூபாய்க்கு 15,000 கொடுக்கிறீர்கள். வருட வட்டியாகப் பார்த்தால் 32 வீதம்! கடைசி ஆளாக இவ்வளவு நாள் பொறுத்திருந்ததன் பலனே போய்விடும்.

வைப்பை உடைக்கவும் வேண்டாம். 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் பத்து மாதத்துக்கு 20,000 ரூபாய் சேர்ந்திருக்கும். முதிரும் முன் உடைத்தால் வங்கி முழுக் காலத்துக்கும் குறைந்த வீதத்தில் திருப்பிக் கணக்குப் பார்க்கும். அது 3 வீதமென்றால் உங்களுக்கு 7,500 தான். இரண்டு மாத அவசரத்துக்கு 12,500 ரூபாய் நட்டம்.

காப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். வட்டியை மட்டும் பார்த்தால் அடகு அவ்வளவு மோசமில்லை. 14 வீதமென்றால் 75,000 ரூபாய்க்கு இரண்டு மாத வட்டி 1,750 ரூபாய். நான் வங்கியில் அடகுப் பிரிவில் இருந்தவன். ஏலத்துக்கு முதல் நாள் பழுப்பு உறைகளை வரிசையாக அடுக்கி இலக்கம் சரிபார்ப்போம். உள்ளே பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் காப்பும் அரைஞாணும்தான். இரண்டு மாதத்துக்கென்று வைத்தவர்கள் வட்டியை மட்டும் கட்டிக் கட்டி, ஒரு கட்டத்தில் அதையும் விட்டிருப்பார்கள். உங்களுக்கு வேறு வழி இருக்கும்போது அந்த உறைக்குள் மகளின் காப்பு எதற்கு?

அந்த வழி உங்கள் வைப்பு இருக்கும் வங்கியிலேயே இருக்கிறது. வைப்பை உடைக்காமல் அதன் மேல் கடன் கேளுங்கள். வழக்கமாக வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று வீதம்தான் கூட இருக்கும், சம்பளப் பட்டியலோ பிணையாளியோ தேடி அலைய வேண்டியதில்லை. 11 வீதமென்றால் 75,000 ரூபாய்க்கு இரண்டு மாதத்துக்கு 1,375 ரூபாய். வைப்பு தன் வட்டியோடு ஒக்டோபரில் முதிர்ந்து கடனைக் கழித்துக்கொள்ளும். இப்போதிருந்து இரண்டு சம்பளத்தில் பத்துப் பத்தாயிரம் ஒதுக்கினால் 55,000 எடுத்தாலே போதும்.

வங்கிக்குப் போகும்போது இன்னொரு வேலையையும் முடித்து வாருங்கள். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டதென்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். 24,000 ரூபாய் வட்டியில் 2,400 மிஞ்சும், கடன் வட்டியைக் கட்டிவிட்டு அர்ச்சனைத் தட்டுக்கும் காணும்.

வான்காரரோடு பேசும்போது இரண்டு விஷயம். காப்புறுதி வாடகைக்கு ஓடும் வாகனமென்று எடுத்ததா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்திருந்தால் விபத்தில் கை விரித்துவிடுவார்கள். அடுத்தது, திரும்பி வரும் 300 கிலோமீற்றர். அதில் நீங்கள் நாலு பேர்தான். கட்டுநாயக்கவில் இறங்கி மட்டக்களப்புக்கு வரும் வேறு ஆட்களை அந்த நாளுக்கு அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் கோட்டையிலிருந்து ரயிலில் வாருங்கள். ஆசிரியைக்கு ரயிலில் இலவசமாகப் போகப் புகையிரத ஆணைச்சீட்டு இருக்கிறது, இந்த வருடத்தில் பாவித்து முடித்துவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். நாளுக்கு 150 கிலோமீற்றர் என்ற கணக்கைப் பிடிக்காமல் வான்காரர் சம்மதித்தால் 42,000 ரூபாய் குறையும். முழுதாகக் குறைக்க மாட்டேன் என்றால் பாதியில் நில்லுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.