மானிய விண்ணப்பப் பாரமும் மழைக்கால ஞாயிறும்: கிராணி ஐயாவிடம் கேட்டவை

போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் கூடினோம். தகரக் கூரையில் மழை கொட்டியதில் பாதிக் கேள்வி என் காதில் விழவில்லை. சீட்டில் எழுதித் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்த சீட்டுகளுக்குத்தான் இங்கே பதில். என்னைத் தெரியாதவர்களுக்கு: 31 வருஷம் தோட்ட ஆபிசில் கிராணி, அதாவது குமாஸ்தா; காலைப் பெரட்டில் தொழிலாளர் பேர் கூப்பிட்டவன். ஓய்வுக்குப் பிறகு சங்கங்களுக்கு மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். கூலி ஒரு கோப்பி.

ஐயா, எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஆறு வீட்டுக் கூரை ஒழுகுது. இதுக்கு எந்த மானியம் கேக்கலாம்? (செம்பனைத் தோட்டத் தொழிலாளி)

எதையும் கேட்காதீர்கள் தம்பி. உங்களுக்கு வரவேண்டிய உரிமையை எதற்குப் பிச்சையாகக் கேட்க வேண்டும்? நீங்கள் இன்னும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறீர்கள், வீடு கம்பெனி வீடு. 1990ஆம் ஆண்டு வந்த 446ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்கிறது. வீட்டைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை. முதலில் ஆபிசுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். ஆபிசில் உட்கார்ந்து அதைப் போகவிட்டவனே நான்தான். நடவடிக்கை இல்லையென்றால் அந்த நகலோடு ஈப்போ தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

ஓய்வு பெற்று, தோட்டத்துக்கு வெளியே சொந்த நிலத்தில் இடிந்த வீட்டில் இருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் மாவட்ட அலுவலகத்தில் இ-காசே பட்டியலில் பெயரைப் பதியட்டும். வறுமை உதவிகளில் பலவற்றுக்கு அந்தப் பட்டியல்தான் வாசல்.

மித்ராவுக்கு (இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவு) வருஷம் 100 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்குறாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோம். எங்க தோட்டத்துக்கு ஏன் ஒரு காசு வரலை?

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது சீட்டில் இருந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் மித்ரா வீட்டுக்கு வீடு பணம் பிரித்துக் கொடுக்கும் இடமல்ல. முன்பு செடிக் என்ற பெயரில் இருந்து 2018இல் மித்ரா ஆனது. அங்கே பணத்தின் பெரும்பகுதி திட்டங்களுக்குத்தான் போகிறது. பதிவு பெற்ற அமைப்பு ஒன்று திட்டம் எழுதி, கணக்குக் காட்டி வாங்க வேண்டும். நம் தோட்டங்களில் கோவில் கமிட்டி உண்டு, திருவிழாக் கமிட்டி உண்டு, கால்பந்துக் குழு உண்டு. பதிவுச் சான்றிதழும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் ஆண்டறிக்கையும் மூன்றும் கையில் வைத்திருப்பது எத்தனை? பட்டணத்துச் சங்கங்கள் வைத்திருக்கின்றன, அதனால் அவர்கள் கேட்கிறார்கள். நம் பெயரைச் சொல்லி அவர்கள் வாங்கிப் போகிறார்கள் என்று முணுமுணுப்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் முணுமுணுப்புக்கு விண்ணப்பப் பாரம் கிடையாது.

அப்ப சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் வேணும்? (இளைஞர் குழு)

ஏழு பேர். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் அதுதான் கணக்கு. இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு செய்வது சுலபம், சங்கத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் சிரமம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். நான் பார்த்த சங்கங்களில் பாதி இங்கேதான் விழுந்தன. செயலாளர் சிங்கப்பூர் வேலைக்குப் போயிருப்பார், கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

எங்க மேனேஜர் டியூஷன் வகுப்புக்குப் பழைய ஆயாக் கொட்டகையை (குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) தரமாட்டேங்கிறார். கம்பெனி நிலமாம். என்ன செய்றது? (தோட்டத்து அம்மா ஒருவர்)

அக்கா, தோட்டத்துச் சிக்கலின் வேரையே பிடித்துவிட்டீர்கள். கம்பத்துக்கு ரோடு வரும், பாலாய் ராயா என்ற பொது மண்டபம் வரும், ஏனென்றால் அது அரசாங்கக் கணக்கில் உள்ள கிராமம். தோட்டம் தனியார் நிலம். அரசாங்கப் பணத்தைத் தனியார் நிலத்தில் கொட்ட எந்த அதிகாரியும் தயங்குவார். அதனால் கட்டடம் கட்ட, மண்டபம் எழுப்ப என்று மானியம் கேட்டால், முதல் கேள்வியே "நில உரிமையாளர் சம்மதக் கடிதம் எங்கே?" என்றுதான் வரும்.

மேனேஜரிடம் கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அவருக்கு என்ன தேவை என்று பாருங்கள். 2020 முதல் நாட்டின் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயம். அந்தச் சான்றிதழின் விதிகளில் சுற்றியுள்ள மக்களோடு கலந்து பேசியதற்கும், மனக்குறைகளைக் கேட்டுத் தீர்த்ததற்கும், வட்டார மேம்பாட்டுக்குப் பங்களித்ததற்கும் தோட்டம் ஆதாரம் காட்ட வேண்டும். தணிக்கையாளர் கோப்பைத் திறந்து, "மக்களோடு எப்போது கூட்டம் போட்டீர்கள்?" என்று கேட்பார். கோப்பில் ஒன்றும் இல்லையென்றால் மேனேஜருக்கு வியர்க்கும். நான் அந்த ஆபிசில் அந்த வியர்வையைப் பார்த்தவன்.

ஆகவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், வாரம் எத்தனை மணி நேரம், யார் சொல்லிக் கொடுப்பது, சாவி யார் கையில், மின்கட்டணம் யார் தருவது. கட்டடத்தை நிரந்தரமாகக் கேட்காதீர்கள், இரண்டு வருஷம் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். அந்தக் கடிதமே மேனேஜரின் கோப்புக்கு ஆதாரம் ஆகிவிடும். அவர் கையெழுத்துப் போட்டால் அதே தாள் நாளைக்கு உங்கள் மானிய விண்ணப்பத்துக்குச் சம்மதக் கடிதம். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகும் பத்து அம்மாமார்களை விட பள்ளியின் முத்திரைக்கு ஆபிசில் மரியாதை அதிகம். இது சரியா என்று கேட்டால், சரியில்லைதான்.

தையல், கேக், முறுக்கு செய்ற பொம்பளைங்க நாங்க பதினோரு பேர். மானியம் கிடைக்குமா?

மானியம் வேறு, கடன் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பின்னால் அழுதவர்கள் உண்டு. 1987இல் தொடங்கிய அமானா இக்தியார் தருவது கடன். குழுவாகச் சேர்ந்து, சிறுகச் சிறுகக் கட்ட வேண்டும். இந்தியப் பெண்களுக்கென்று அங்கே பெண் என்ற பெயரிலேயே ஒரு திட்டம் இருக்கிறது. அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குனில் நம் இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டமும் கடன்தான். வாரம் எவ்வளவு விற்கிறீர்கள் என்று முதலில் ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதுங்கள். நோட்டைப் பார்த்தால் கடன் தேவையா, வெறும் இன்னொரு அடுப்பு தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பதினோரு பேரும் முறுக்கு மட்டுமே செய்தால் யார் வாங்குவது என்பதையும் யோசியுங்கள்.

பணம் கிடைச்ச பிறகு என்ன தப்பு நடக்கும்? (சங்கப் பொருளாளர்)

ரசீது. ரசீது. ரசீது.

எங்கள் சங்கத்துக்கு முதன்முதலில் மானியம் கிடைத்தபோது பிள்ளைகள் முகாம் ஒன்று நடத்தினோம். சாப்பாட்டுக்கு மீன், கோழி, காய்கறி எல்லாம் காலைச் சந்தையில் வாங்கினோம். சந்தைக்காரர் எந்தக் காலத்தில் ரசீது கொடுத்தார்? கடைசியில் 1,840 வெள்ளிக்குக் கணக்கு இல்லை. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை, ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் கையிலிருந்து போட்டுத் திருப்பிக் கட்டினோம். என் வீட்டில் ஒரு மாதம் எனக்குச் சரியான சோறு இல்லை. அதற்குப் பிறகு சந்தைக்குப் போனால் ரசீதுப் புத்தகத்தை நாமே எடுத்துப் போய், விற்பவரின் கையெழுத்தும் கடை எண்ணும் வாங்கிவிடுவேன்.

கம்பெனிகளிடம் நன்கொடை கேட்டால் "44(6) இருக்கா?" என்கிறார்கள். அது என்ன?

வருமான வரிச் சட்டத்தின் பிரிவு. அந்த அங்கீகாரம் உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், கொடுத்தவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கேட்கலாம். புதுச் சங்கத்துக்கு அது உடனே கிடைக்காது. அங்கீகாரம் உள்ள ஒரு அறநிதியோடு கூட்டுச் சேருங்கள். பணம் அவர்கள் கணக்கில் வரட்டும், வேலை உங்கள் தோட்டத்தில் நடக்கட்டும். ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

ஒய்.பி.யை (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரை) பார்த்தா வேலை சீக்கிரம் முடியாதா?

சில நேரம் முடியும். நாற்காலி, கூடாரம், விளையாட்டுச் சட்டை போன்ற சின்னத் தேவைகளுக்குப் பாருங்கள். மூன்று வருஷத் திட்டத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறக்கூடிய ஆளின் கையில் கட்டாதீர்கள்.

தோட்டத்தை விக்கப் போறாங்களாம் தாத்தா. நாமளே வாங்க முடியாதா? (இந்தச் சீட்டை எழுதியது ஆறாம் வகுப்புப் பையன்)

ஐயா சாமி, இந்த ஊரில் நின்று இதைக் கேட்கிறாயே! இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார், ரப்பர் பால் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டின. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில்தான் வாங்கினார்கள். அதில் ஒரு காசும் மானியம் இல்லை.

இன்றைக்கு ஒரு தோட்டம் வாங்கும் விலைக்கு நம் பத்து வெள்ளி எட்டாது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பனை முடிவாவதற்கு முன் கேட்கவேண்டியவை உண்டு: குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு, பள்ளி நிலம், கோவில் நிலம், சுடுகாடு. கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் புது முதலாளி "எனக்குத் தெரியாது" என்பார். உன் அப்பாவையும் பக்கத்து லயத்துப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வா. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் இருப்பேன். பழைய சம்பளச் சீட்டு, தண்ணீர் பில், எந்தத் தாள் இருந்தாலும் எடுத்து வரச் சொல்.