புதுக் குதிரையை லாயத்தில் சேர்க்கும் முன் 21 நாள்

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு வியாபாரியிடம் ஐந்து வயது மார்வாரி பெண் குதிரை பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். அவர் அதை அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. கோவை அருகே மாத வாடகைக்குக் குதிரைகளைப் பராமரிக்கும் லாயத்தில் விட எண்ணம். அங்கே ஏற்கெனவே 14 குதிரைகள் நிற்கின்றன. லாயத்துக்காரர் டாக்டர் சான்று ஒன்று இருந்தால் போதும் என்கிறார். என்னென்ன சோதனை செய்ய வேண்டும்? தனியாகக் கட்டி வைக்கத்தான் வேண்டுமா?

பதில்: சான்று மட்டும் போதாது. நடை, பல், கண், குளம்பு பார்த்து, சவாரிக்கு ஏற்ற குதிரை என்று எழுதித் தரும் சான்று உங்கள் பணத்தைக் காக்கும். அந்த 14 குதிரைகளைக் காக்காது. சந்தையில் பல ஊர்க் குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைத்திருக்கும். வியாபாரியின் கொட்டகையிலும் வேறு குதிரைகள் வந்து போயிருக்கும்.

முதலில் ரத்தம். லாரி பேசுவதற்கு முன்பே, குதிரை வியாபாரியிடம் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கும் வியாபாரியிடம் நான் வாங்க மாட்டேன். இதில் தவிர்க்கவே கூடாத சோதனை கிளாண்டர்ஸ். 2006இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டி, பிறகு பல மாநிலங்களில் தென்பட்ட பாக்டீரியா நோய் இது. மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கயிறு திரித்தது போலக் கட்டிகளும் வரும். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் பறிக்கும். இந்த நோய் கண்ட குதிரைக்குச் சிகிச்சை தருவதில்லை. உறுதியானால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கருணைக் கொலை செய்ய வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனைக்கு சீரம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையைக் கேட்டால் அனுப்பும் வழியைச் சொல்வார்கள்.

அதே ரத்தத்தில் குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் சோதனையையும், ஈக்கடியால் பரவும் சர்ராவுக்கான சோதனையையும் கேளுங்கள். சர்ராவுக்கு ரத்தப்பூச்சு, அதாவது கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது, மட்டும் செய்து நிறுத்த வேண்டாம். ஒட்டுண்ணி ரத்தத்தில் ஒரு நாள் பெருகும், மறுநாள் மறையும். உண்ணி கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோயான உண்ணிக் காய்ச்சலையும் (பைரோபிளாஸ்மோசிஸ்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் சுத்தம் என்று தாள் வந்தாலும் குதிரையை நேராக லாயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கிருமி உடம்பில் புகுந்து சில நாளே ஆகியிருந்தால் சோதனை தேடும் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், ரத்தத்தில் உருவாகியிருக்காது. அதனால்தான் 21 நாள் தனிமை. உங்கள் இடத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள், சந்தை முடிந்த நாளிலிருந்து அல்ல. 21ஆம் நாள் கிளாண்டர்ஸுக்கு மீண்டும் ரத்தம் கொடுங்கள். தொற்று ரத்தசோகைக்கு எதிர்ப்பொருள் தெரிய 60 நாள்கூட ஆகலாம். ஆகவே அந்த ஒன்றை மட்டும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பச் செய்து, அதுவரை ஒரே ஊசியை இரு குதிரைகளுக்குப் போட விடாதீர்கள்.

நான் அதிகம் அஞ்சுவது ஸ்டிராங்கிள்ஸ் என்னும் தொண்டைக் கட்டி நோய்க்குத்தான். லாயத்தில் மிக எளிதாகப் பரவுவது அது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துவந்த ஒரு லாயத்துக்குப் புதுக் குதிரை ஒன்று வந்தது. பளபளவென்று மேனி, வைத்த கொள்ளை மிச்சம் வைக்காமல் தின்றது. ஐந்தாம் நாள் மாலை வெப்பமானி 102.8 பாரன்ஹீட் காட்டியது. மூக்கு உலர்ந்திருந்தது, தாடை மெலிந்தே இருந்தது. பயணக் களைப்பு என்றார் லாயத்துக்காரர். எட்டாம் நாள் தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவில் வீக்கம், நாசியில் மஞ்சள் சளி. தனியாகக் கட்டியிருந்ததால் நோய் அந்த ஒன்றோடு நின்றது.

இந்த நோயில் காய்ச்சல் முந்தி வரும், சளி வழியே கிருமி வெளியேறுவது இரண்டு மூன்று நாள் பிந்தித் தொடங்கும். அந்த இடைவெளியைப் பிடித்துத் தருவது மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானிதான். காலையும் மாலையும் பாருங்கள். அதன் முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி மாட்டும் கிளிப்பைப் பொருத்தி வால் முடியில் கவ்வவிடுங்கள். நேர் பின்னால் நிற்காமல் இடது பின்னங்காலை ஒட்டி நின்று, வாலை ஒதுக்கி, ஆசனவாயில் எண்ணெய் தடவிய முனையை நுழைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். 99.5 முதல் 101.3 வரை இயல்பு. 101.5 தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். அவர் மாதிரி எடுப்பதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிடாதீர்கள்.

முன்பே நோய் வந்து தேறிய குதிரைகளில் சில, காதின் அடியில் தொண்டையை ஒட்டியுள்ள காற்றுப் பைகளில் கிருமியை மாதக்கணக்கில் சுமக்கும். வெளியே ஒரு குறியும் தெரியாது. எண்டோஸ்கோப் வசதி இருக்கும் இடத்தில் அந்தப் பைகளைக் கழுவி எடுத்த நீரில் பிசிஆர் சோதனை செய்வதே உறுதியான வழி. இல்லையென்றால் வாரம் ஒன்றாக மூன்று முறை மூக்கு–தொண்டைக் கழுவல் நீரை அனுப்பலாம். செலவாகும், ஆனால் 14 குதிரைகளின் வைத்தியத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

தனிமை இடம் மற்ற குதிரைகளிடமிருந்து 25 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வாளி, பிரஷ், தலைக்கயிறு எல்லாம் தனி. குதிரைக்காரர் ஒருவரே என்றால் புதியதை எல்லாவற்றுக்கும் கடைசியில் கவனிக்கட்டும். முடிந்ததும் கைகால் கழுவட்டும். இலத்தியைக் கொடுத்துப் புழு முட்டை எண்ணிக்கை பாருங்கள். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். குறையவில்லையென்றால் அந்த மருந்துக்கு மசியாத புழுவை லாயத்து மேய்ச்சலில் விதைக்க இருந்தீர்கள் என்று பொருள். தடுப்பூசி விவரம் தெரியாததால் டெட்டனஸ், வெறிநாய்க்கடி இரண்டுக்கும் புதிதாகத் தொடங்குங்கள்.

தனியாக நிற்கும் குதிரை ஏங்கும் என்பது உண்மை. மற்றவற்றைத் தொலைவில் பார்க்கும்படி கட்டுங்கள், கனைத்தால் பதில் கனைப்பாவது கேட்கும். துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டலாம், பெரும்பாலும் இரண்டே நாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கிளாண்டர்ஸ் ஆட்டையும் தொற்றும். முதல் ரத்த முடிவு கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.