மதுரை சுல்தானும் காயிதே மில்லத்தும்

ஐயா,

முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத்தைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். மதுரையை ஆண்ட சுல்தான்களின் அட்டூழியம் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிறீர்கள். அன்றைய சுல்தானிலிருந்து இன்றைய எம்.பி. வரை எல்லாம் ஒரே வரிசைதானே? ஏன் மறைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறைக்க ஒன்றுமில்லை. மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானி பிடிபட்டவர்களின் தோளிலேயே கழுமரத்தைச் சுமக்கவைத்து, மறுநாள் காலை அதிலேயே அவர்களை ஏற்றினான். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எழுதிவைத்தவர் இபின் பதூதா. ஊர் ஊராகச் சுற்றிய மொராக்கோ முஸ்லிம், காஜியாக (இஸ்லாமிய நீதிபதியாக) இருந்தவர், போதாததற்கு சுல்தானுக்குச் சகலை, இருவரும் ஜலாலுதீன் அஹ்சன் கானின் மகள்களைக் கட்டியவர்கள். அவரேதான் இப்படியொரு அருவருப்பை வேறெந்த அரசனும் செய்து கேள்விப்பட்டதில்லை, அதனால்தான் ஆண்டவன் இவனைச் சீக்கிரம் கொண்டுபோனான் என்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். கியாசுதீனை எதிர்த்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளனின் பக்கம் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்தார்களாம். (போக்கிரிகள், ஓடிவந்த அடிமைகள் என்று திட்டிக்கொண்டேதான் சொல்கிறார், எண்ணிக்கையையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம், 1335 வாக்கில் மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய அஹ்சன் கானே டெல்லியின் முகமது பின் துக்ளக்கிடமிருந்து பிய்த்துக்கொண்ட ஆள். ஔரங்கசீப் 1686இல் பீஜப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் விழுங்கினார், இரண்டுமே சுல்தான்களின் நாடுகள். கோயிலை இடித்தார்கள், முஸ்லிம் அல்லாதவர்களிடம் ஜிஸ்யா வரி வாங்கினார்கள், மழுப்பவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை எங்கே இருக்கிறது?

காயிதே மில்லத்துக்கு வருவோம். பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கு முன்னால் எது நிற்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் பேசியவர். பிரிவினைக்குப் பிறகும் மதத்தின் பெயரில் ஒரு கட்சியை அவர் நடத்தியது எனக்கு உடன்பாடில்லை, அதைத் தாராளமாகக் கேளுங்கள். கியாசுதீன் செய்ததற்கு அவரை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

இன்றைய எம்.பி. என்றீர்களே, 2024இல் ராமநாதபுரத்தில் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி, பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்தைத் தோற்கடித்தார், அங்கே ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை இந்துக்கள்தான். மீனவர் பிரச்சினையில் என்ன செய்தீர்கள், குடிதண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று அவரைக் குடையுங்கள். பதில் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அன்றைய மதுரைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, விஜயநகரத்திலிருந்து குமார கம்பணன் படையோடு வரும்வரை காத்துக் கிடந்தார்கள்.