பூங்காவை ஒட்டியா, ஊருக்குள்ளா? கூட்டுக் குடும்பம் எங்கே தங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: எங்க குடும்பத்துல மொத்தம் 17 பேருங்க. அறுபதைத் தாண்டினவங்க 4 பேர், அஞ்சு வயசுக்குள்ள 3 குழந்தைங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க 4 பேர், மத்தவங்க நாங்க மூணு ஜோடி. மஞ்சள் வெட்டு முடிஞ்சு பரீட்சை லீவு விட்டதும் பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு ரெண்டு நாள் போறோம். பூங்காவை ஒட்டியே இருக்கற ரிசார்ட்டுல தங்கலாமா, மைசூர் ரோட்டுல சாதா லாட்ஜ் பார்க்கலாமா? வாடகை வித்தியாசத்தைப் பார்த்து வீட்டுக்காரர் தயங்கறாருங்க.

வாடகையை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு தலைக்கணக்குப் போடுங்கள். மதியம் 2 மணிக்கு யார் யார் படுக்கை தேடுவார்கள்? உங்கள் வீட்டில் பெரியவர்கள் 4, சின்னக் குழந்தைகள் 3, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தாய் என்று 8 பேர், கிட்டத்தட்டப் பாதிக் குடும்பம். அறை பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இந்த 8 பேருக்காக வேனை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூட்டுவலி உள்ள ஆத்தாவை ஏழு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தால் அடுத்த நாள் அவரால் எழுந்து நடக்க முடியாது. பூங்காவை ஒட்டித் தங்குவதன் பலன் இந்த மதியத் தூக்கத்தில்தான் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கும் பஃபே காலை உணவுக்குமாக அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு இரவும் அங்கேயே தங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதல் நாள் வண்டியில் வந்து சேரும் இரவு வெறும் தூக்கத்துக்குத்தான். அதற்கு பிடதியிலோ ராமநகரத்திலோ சுத்தமான லாட்ஜ் போதும். மறுநாள் காலை ரிசார்ட்டுக்கு மாறி ஓர் இரவு தங்குங்கள். இப்படி மாறும்போது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் அறை தருவார்கள், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். 5 அறையையும் காலையிலேயே கேட்டால் கிடைக்காது. "ஒரே ஓர் அறையை மட்டும் 11 மணிக்குக் கொடுங்க, பெரியவங்க இருக்காங்க" என்று பதிவு செய்யும்போதே கேட்டு, மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் அதே போல ஓர் அறையை மட்டும் மாலை வரை நீட்டிக்க எவ்வளவு என்று கேளுங்கள். அன்று பெரியவர்கள் படுப்பதும், தண்ணீரில் ஆடியவர்கள் குளித்து உடை மாற்றி வேனில் ஏறுவதும் அந்த ஓர் அறையில் முடிந்துவிடும்.

அறைகளை இப்படிப் பிரிக்கலாம். மூன்று ஜோடிக்கும் ஆளுக்கோர் அறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்னக் குழந்தை, எக்ஸ்ட்ரா பெட்டில் ஒரு பள்ளிப் பிள்ளை. பெரியவர்களுக்கு இரண்டு அறை, மிச்சமுள்ள ஒரு பிள்ளை தாத்தா பாட்டியோடு. ஆக 5 அறை, 4 எக்ஸ்ட்ரா பெட். "நாங்க அனுசரிச்சுப் படுத்துக்குவோம்" என்று 4 அறையோடு நிறுத்தாதீர்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணினியில் பதிந்திருக்கும், ரிசப்ஷனில் ஆதார் அட்டைகளை வாங்கி எண்ணுவார்கள். லீவு நாளில் கடைசி நேரத்தில் ஐந்தாவது அறை கிடைக்காது.

வரிக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். உதாரணமாக, 8,000 ரூபாய் ஃபேமிலி ரூம் ஒன்றுக்கு வரியோடு 9,440 ஆகும். 4,000 ரூபாய் அறை இரண்டு எடுத்தால் 8,400தான், கழிவறையும் இரண்டு கிடைக்கும். பெரிய குடும்பத்துக்குப் பெரிய அறைதான் லாபம் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் சேரும்போது பில் 7,500ஐத் தாண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பெரியவர்களின் அறை தரைத்தளத்திலோ லிஃப்டுக்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, குளியலறைக்குள் இறங்கும் இடத்தில் படி உண்டா, பிடித்து எழ கைப்பிடி உண்டா என்று அறையின் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வெளியூரில் பெரியவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஈரமான ஒரு படியில்தான். மதியம் அறைக்குப் போனவர்கள் அதே டிக்கெட்டில் திரும்பவும் பூங்காவுக்குள் நுழையலாமா என்பதையும் முன்பே உறுதி செய்யுங்கள். நுழைய முடியாது என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும்.

டிரைவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ரிசார்ட்டில் டிரைவர் படுக்க இடம் உண்டா, இல்லாவிட்டால் பக்கத்தில் லாட்ஜ் உண்டா? அவர் வேன் சீட்டிலேயே புழுக்கத்தில் கிடந்துவிட்டு மறுநாள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் 17 பேரையும் இறக்கிவர வேண்டும். பேட்டாவோடு அவருக்கு ஒரு கட்டிலும் உங்கள் செலவுதான். அந்தப் பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. ஆகவே திரும்பும் நாளில் பூங்கா மூடும்வரை ஆடிவிட்டுக் கிளம்பினால் இந்த வழி கிடைக்காது. பெங்களூருக்கு வெளியே சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து ஓசூர், சேலம் சுற்றித்தான் வர வேண்டும். அல்லது மூன்றாவது இரவும் தங்கி, காலையில் கிளம்பி, பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வீடு போகலாம். பெரியவர்கள் இருப்பதால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். அந்த மூன்றாவது இரவுக்கும் சாதா லாட்ஜே போதும்.

திருப்பூர் வாசகர்: தீபாவளிக்குக் கம்பெனி லீவு விடும்போது 12 பேர் கொச்சி வொண்டர்லா போறோம். மூணு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், சமையல்கட்டோட ஒரு வில்லா கிடைக்குது. லாட்ஜை விட மலிவு. எடுக்கலாமா?

பெங்களூரைப் போலப் பூங்காவை ஒட்டிய ரிசார்ட் கொச்சியில் இல்லை. அதனால் எப்படியும் வெளியேதான். பூங்கா பள்ளிக்கரையில் இருக்கிறது. வில்லா அதற்குப் பக்கத்திலுள்ள காக்கநாட்டில் இருந்தால் எடுக்கலாம். ஃபோர்ட் கொச்சி அழகான ஊர்தான், ஆனால் தினமும் நகரத்தைக் குறுக்கே கடந்து வர வேண்டியிருக்கும், வேண்டாம்.

வில்லாவில் சிக்கல் படுக்கையறையில் வராது, பாத்ரூமில் வரும். ஆளுக்கு 15 நிமிடம் என்றால் 12 பேர் இரண்டு பாத்ரூமில் குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். சுவரில் தொங்கும் 15 லிட்டர் கீசரைப் பாருங்கள். 60 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீரை விளாவினால் ஏறக்குறைய 38 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட் வெந்நீர். அது தீர்ந்ததும் 2 கிலோவாட் கீசர் மறுபடி காய 17 முதல் 20 நிமிடம் பிடிக்கும். மூன்றாவதாக உள்ளே போகிறவர் பச்சைத்தண்ணீரில் நின்றுகொண்டு சத்தம் போடுவது இதனால்தான், கீசர் பழுதாகியிருக்காது. வழி சுலபம். தண்ணீர் விளையாட்டில் இறங்கப் போகிறவர்கள் காலையில் பல் விளக்கிவிட்டுக் கிளம்பட்டும், மாலையில் வந்து தலைக்குக் குளித்துக் குளோரினைக் கழுவட்டும். காலை வெந்நீர் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்.

சமையல்கட்டு இருக்கிறதே என்று மூன்று வேளையும் சமைக்கத் திட்டமிடாதீர்கள். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். அதோடு வீட்டுப் பெண்களுக்கும் அது லீவுதானே! இரவு ஒரு வேளை அரிசியும் பருப்பும் சாதம் போதும். 12 பேருக்கு ஒன்றரை கிலோ அரிசி, 400 கிராம் துவரம்பருப்பு. 5 லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் கொள்ளாது, இரண்டு ஈடாக வையுங்கள். அரைத்த மசாலா, சின்ன வெங்காயம், நெய் வீட்டிலிருந்தே போகட்டும். வில்லாவில் குக்கர் இருக்கும், கேஸ்கட் தொய்ந்திருக்கும். உங்கள் குக்கரையே எடுத்துப் போவது நல்லது.

கொடி கட்ட 10 மீட்டர் நைலான் கயிறும் கிளிப்புகளும் மறக்க வேண்டாம். தீபாவளி சமயம் கேரளத்தில் மாலை இடிமழை உண்டு, ஈரத்துணி வெளியில் காயாது. மின்னல் அடித்தால் ராட்டினங்களையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதலில் உயரமான ராட்டினங்கள், மதியத்துக்கு மேல் கூரைக்குள் இருப்பவை. புடவை, வேட்டி, பருத்திச் சுடிதாரோடு தண்ணீரில் இறங்க முடியாது, நைலான் உடைதான் வேண்டும். வாடகைக்கு எடுப்பதைவிடத் திருப்பூரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், பனியன் ஊரில் இதற்கா பஞ்சம்?

பொள்ளாச்சி வாசகி: சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு 10 பேர். சென்டோசா தீவிலேயே ஹோட்டல் எடுக்கணுமா? ஆன்லைன்ல மலிவா ஒரு வீடு வருது.

அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசுக் குடியிருப்பான எச்.டி.பி. வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். நாலு நாளுக்கு வீடு தருகிறேன் என்பவரை நம்பிப் பணம் கட்டிவிட்டு, 10 பேரோடு பெட்டியும் கையுமாக நிற்கக் கூடாது.

அந்தப் பூங்கா சிறியது, ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு நாளுக்காகத் தீவின் வாடகையைக் கொடுக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா பக்கம் ஹோட்டல் எடுத்தால் நம்மூர் இட்லி வாசலிலேயே கிடைக்கும். அங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் மாறாமல் ஹார்பர்ஃபிரன்ட் நிலையம் போகலாம். மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. நடக்க முடிந்தவர்கள் போர்டுவாக் என்ற நடைபாதை வழியாகவும் போகலாம். ஹோட்டல் அறைகள் அங்கே ரொம்பச் சிறியவை, மூன்று பேருக்கு மேல் ஓர் அறையில் சேர்க்க நினைக்காதீர்கள்.

நாமக்கல் வாசகர்: பையன் அமெரிக்காவுல இருக்கான். சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து 9 பேர் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு, யுனிவர்சல் போறோம். டிஸ்னி ஹோட்டலா, வெளியில தனி வீடா?

எத்தனை நாள் பூங்கா, எத்தனை நாள் ஓய்வு என்பதைப் பொறுத்தது. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்கு எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னதாகவே பூங்காவுக்குள் அனுமதி உண்டு, கார் நிறுத்தத் தனிக் கட்டணமும் இல்லை. அந்த அரை மணியில் கூட்டம் சேரும் முன் ஒன்றிரண்டு பெரிய ராட்டினங்களை முடித்துவிடலாம். ஆனால் அதற்குக் காலையில் 9 பேரும் விடியும்போதே தயாராகி நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நடக்குமா என்று நேர்மையாகப் பாருங்கள். நடக்காது என்றால் அந்தச் சலுகைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

யுனிவர்சலில் விஷயம் வேறு. போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையிலேயே அடக்கம். அந்த பாஸ் பழைய இரண்டு பூங்காக்களுக்குத்தான். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவுக்குச் செல்லாது. 9 பேருக்குத் தனித்தனியாக அந்த பாஸ் வாங்கும் விலையையும், அங்கே ஓர் இரவு தங்கும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆள் கூடக் கூட ஹோட்டல் பக்கம் தராசு சாயும்.

எங்கள் தேர்வு: டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிசிமியில் நாலு பெட்ரூம் வீடு எடுத்து டிஸ்னி நாட்களைக் கழியுங்கள், யுனிவர்சலுக்கு மட்டும் ஓர் இரவு அந்த ஹோட்டலுக்கு மாறுங்கள். சம்பந்திகளுக்கு ஆளுக்கோர் அறையும் தனி பாத்ரூமும் இருந்தால் இரண்டு பக்கமும் மரியாதை குறையாது.

வீட்டில் சமைப்பதற்கு நம்மூர் மின்சாரக் குக்கர், கெட்டில், மிக்ஸி எதையும் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் நாலில் ஒரு பங்கு வெப்பம்தான் தரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கர் போதும். அடுப்பு இண்டக்‌ஷன் வகையா என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. தாளிக்கும்போது சிம்னி விசிறியைப் போட்டு ஜன்னலையும் திறந்துவையுங்கள், மிளகாய் நெடிக்கே புகை அலாரம் அலறும். டிஸ்னி ஹோட்டலின் சாதா அறையில் ஃபிரிட்ஜ் உண்டு, சமைக்க அனுமதி இல்லை.

கரூர் வாசகி: மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போயிட்டு மறுநாள் ஊட்டி மலை ரயில். எங்க தங்கறதுங்க?

ஊருக்குள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். மலை ரயில் காலை 7.10க்குப் புறப்படுகிறது. ஊட்டி ரோட்டில் பூங்கா பக்கம் தங்கினால் காலையில் பெரியவர்களையும் மூட்டைகளையும் ஊருக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். ரயில் டிக்கெட் உறுதியான பிறகு அறை போடுங்கள், மாற்றிச் செய்தால் அறைப் பணம் போய்விடும். வேனைக் காலியாக ஊட்டிக்கு அனுப்பி அங்கே ஏறப் போகிறீர்கள் என்றால் வேன் எண்ணுக்கு நீலகிரி இ-பாஸ் முன்கூட்டியே எடுக்க வேண்டும். பூங்காவுக்கு மட்டும் வருவதென்றால் அது கோவை மாவட்டம், பாஸ் தேவையில்லை.